வெறுங்கையால் முழம் போட்டவர்

எதிர் வீட்டுப் பெண் குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் டீ கொதிக்கும் வாசனை வந்தால் நோட்டும் கையுமாகத் திண்ணைக்கு வந்துவிடுவாள். போன வாரம் அந்த நோட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஓஸ்லோ ஒப்பந்தம், 1993, ரபீன், அரபாத். அதன் கீழே பென்சிலில் சாயிப் எரேகாத் என்று ஒரு பெயர். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"மாமா, இவரு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பாலஸ்தீனத்துக்காகப் பேச்சுவார்த்தை நடத்தினாருன்னு போட்டிருக்கு. நாடு கிடைக்கல. அப்ப இவரு என்னதான் செஞ்சாரு?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு டம்ளர் டீ போதாது என்று இன்னொரு டம்ளரும் ஊற்றிக்கொண்டோம். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

எரேகாத் குடும்பத்தின் பூர்வீகம் ஜெருசலேமை ஒட்டிய அபு தீஸ். அவர் 1955-இல் பிறந்தார், வளர்ந்தது எரிகோவில். விவிலியம் படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும். யோர்தான் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு இருநூற்றைம்பது மீட்டர் கீழே, பேரீச்சையும் எலுமிச்சையும் விளைகிற வெக்கையான ஊர். 1967 ஜூன் மாதம் ஆறே நாளில் மேற்குக் கரை முழுவதும் இஸ்ரேல் கைக்குப் போனபோது அவருக்கு வயது பன்னிரண்டு. ஒரு பையன் தன் தெருவில் அந்நியப் படை நுழைவதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வயது அது.

பதினேழு வயதில் அமெரிக்கா போனார். சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையும் முதுகலையும் முடித்துவிட்டு, 1979-இல் நாப்லஸ் நகரின் அன்-நஜா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பிக்கச் சேர்ந்தார். பிறகு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1983-இல். அவர் படித்த துறையின் பெயரைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: அமைதி ஆய்வுகள். குவேக்கர் கிறிஸ்தவர்களின் முயற்சியால் 1973-இல் தொடங்கிய துறை அது. போர் ஏன் மூள்கிறது, எப்படி ஓய்கிறது, எதிரிகள் ஒரே மேஜையில் உட்கார என்ன வேண்டும் என்பதையெல்லாம் அங்கே பாடமாகவே படிக்கலாம்.

படித்துவிட்டு அவர் திரும்பி வந்த இடம் ஆக்கிரமிப்பின் நடுவே இருந்த வகுப்பறை. இஸ்ரேலியரோடு பேச வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது அது இரண்டு பக்கமும் கெட்ட வார்த்தை. பாலஸ்தீனருக்கு அது துரோகம். இஸ்ரேலிலோ பாலஸ்தீன விடுதலை இயக்கத்தினரோடு அதன் குடிமக்கள் தொடர்பு வைப்பதே குற்றம் என்று 1986-இல் சட்டம் வந்தது. அல்-குத்ஸ் நாளிதழின் ஆசிரியர் குழுவிலும் இருந்து எழுதிக்கொண்டிருந்த இந்தப் பேராசிரியர் மீது 1987-இல் ஒரு செய்திமடலில் எழுதியதற்காகத் தூண்டுதல் வழக்கு. பேசலாம் என்று சொன்ன ஆளுக்கே இந்தக் கதி.

"அப்புறம் எப்படி மாமா மேடைக்கு வந்தாரு?"

1991 அக்டோபர் 30, மாட்ரிட் அரண்மனை. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கூட்டிய மாநாடு. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு உட்காரமாட்டோம் என்று இஸ்ரேல் பிரதமர் ஷமீர் அடம்பிடித்ததால், பாலஸ்தீனர்கள் ஜோர்டான் தூதுக்குழுவின் ஒரு பாதியாகத்தான் உள்ளே வர முடிந்தது. தங்கள் பெயரில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அந்தக் குழுவுக்குத் தலைவர் காசாவைச் சேர்ந்த மருத்துவர் ஹைதர் அப்துல் ஷாஃபி. துணைத் தலைவர் முப்பத்தாறு வயது எரேகாத். எல்லோரும் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் கோட்டின் மேல் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கெஃபியே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த இயக்கத்தின் தலைவர் அரபாத் தலையில் கட்டும் அதே துண்டு. அரபாத்துக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை, அவருடைய துண்டு மட்டும் உள்ளே வந்துவிட்டது. இஸ்ரேல் தரப்புக்குக் கோபம். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாட்ரிட்டைத் தொடர்ந்து வாஷிங்டனில் சுற்றுச் சுற்றாகப் பேச்சு நடந்தது. அது நகரவே இல்லை. அதே நேரத்தில், 1993 ஜனவரியிலிருந்து, நார்வேயில் வேறொரு மேஜையில் அகமது குரேய் என்பவர் இஸ்ரேலியரோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஓஸ்லோ ஒப்பந்தம் பிறந்தது அங்கேதான். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாமலே கொல்லைப்புறத்தில் காரியம் முடிந்துவிட்டது. பாலஸ்தீனத்தின் தலைமைப் பேச்சாளர் என்று இன்று நாம் அறிகிற மனிதர், அந்த மிகப் பெரிய ஒப்பந்தம் பேசப்பட்ட அறையில் இல்லை. ஆனால் அது போட்ட பாதையில்தான் வாழ்க்கை முழுக்க அவர் நடக்க வேண்டியிருந்தது.

அந்தப் பாதையின் முதல் கல்லிலேயே கோணல். 1993 செப்டம்பர் 9-ஆம் தேதி இரண்டு கடிதங்கள் கைமாறின. ஒன்றில், இஸ்ரேல் என்னும் நாடு நிம்மதியாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும் உரிமையை அரபாத் ஏற்றார். இன்னொன்றில், பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி விடுதலை இயக்கம்தான் என்று இஸ்ரேல் பிரதமர் ரபீன் ஏற்றார். ஒரு பக்கம் நாட்டை அங்கீகரித்தது. மறுபக்கம் அங்கீகரித்தது ஓர் அமைப்பை மட்டும். பாலஸ்தீன நாடு என்ற சொல்லே அந்தக் கடிதத்தில் இல்லை. 1948-க்கு முந்தைய பாலஸ்தீனத்தில் 78 சதவீதத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்சம் 22 சதவீதத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தோம் என்பதை எரேகாத் பிற்காலத்தில் பேட்டிக்குப் பேட்டி சொல்லிக்கொண்டே இருந்தார். எதிராளிகளுக்கு அந்த 22 என்பது பேரத்தின் தொடக்கப் புள்ளி. இவருக்கோ அதுதான் கடைசிப் புள்ளி.

அவள் நோட்டில் குறித்துக்கொண்டே கேட்டாள்: "ஏ, பி, சி ஏரியான்னு வருதே, அது என்ன?"

ஆப்பத்தை நினைத்துக்கொள் என்றேன். 1995 செப்டம்பரில் கையெழுத்தான இடைக்கால ஒப்பந்தம் மேற்குக் கரையை மூன்று வகையாகப் பிரித்தது. ஏ பகுதியில், அதாவது பெரிய நகரங்களில், நிர்வாகமும் காவலும் பாலஸ்தீனருக்கு. பி பகுதியில் நிர்வாகம் பாலஸ்தீனருக்கு, பாதுகாப்பு இஸ்ரேல் கையில். சி பகுதியில் எல்லாமே இஸ்ரேல் கையில். கைமாற்றங்கள் நின்றுபோனபோது ஏ சுமார் 18 சதவீதம், பி 22, சி 60. ஆப்பத்தில் இருக்கிற சின்னச் சின்னத் துளைகள்தான் ஏ, பி. அவற்றைச் சுற்றி விடாமல் ஓடுகிற மாவு இருக்கிறதே, அதுதான் சி. ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குப் போக வேண்டுமானால் மாவைத் தாண்டித்தான் போக வேண்டும். வீடு ஏ-யில் இருக்கும், ஒலிவத் தோப்பு சி-யில் இருக்கும். தோப்பில் ஒரு கிணறு வெட்ட, ஒரு கொட்டகை போட, இராணுவ நிர்வாகத்திடம் அனுமதிக்கு நிற்க வேண்டும். 1994 மே மாதத்திலிருந்து ஐந்து வருட ஏற்பாடு என்றுதான் எழுதிக்கொண்டார்கள். 1999 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டியது, இன்றுவரை அதே வரைபடம்தான்.

1994-இல் உள்ளாட்சி அமைச்சராகவும், அடுத்த ஆண்டிலிருந்து தலைமைப் பேச்சாளராகவும் ஆன எரேகாத் செய்த வேலை எப்படிப்பட்டது என்று கேட்டால், நான் ஹெப்ரான் உடன்படிக்கையைத்தான் காட்டுவேன். பின்னால் வந்த கேம்ப் டேவிட் மாநாட்டைப் போல அது பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டதில்லை. ஆனால் அவருடைய தொழிலை அங்கேதான் கிட்டத்தில் பார்க்கலாம்.

ஹெப்ரான் பெரிய பாலஸ்தீன நகரம். நடு ஊரில் சில நூறு யூதக் குடியேறிகள், அவர்களைக் காக்கப் படை. 1994 பிப்ரவரியில் அங்குள்ள இப்ராஹீமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேறி சுட்டுக் கொன்றான். அதன்பிறகு முக்கியக் கடைத்தெருவான ஷுஹதா தெருவையே பாலஸ்தீனருக்கு மூடினார்கள். இந்த ஊரிலிருந்து படை எப்படி விலகுவது என்று 1996 கடைசியில் மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. மேஜையின் அந்தப் பக்கம் டான் ஷோம்ரோன், 1976-இல் என்டெபி விமான நிலையப் பணயக்கைதி மீட்பை நடத்திய தளபதி. இந்தப் பக்கம் அமைதி ஆய்வில் பட்டம் வாங்கிய பேராசிரியர். நடுவில் அமெரிக்கத் தூதர் டென்னிஸ் ராஸ்.

1997 ஜனவரியில் முடிவான அந்தக் காகிதத்தைப் படித்தால் மனசு என்னவோ செய்யும். பாலஸ்தீனக் காவலர் 400 பேர் வரை. வாகனம் 20. கைத்துப்பாக்கி 200. காவல் நிலையங்களைக் காக்க நீளத் துப்பாக்கி 100. எந்த இடத்தில் கட்டடம் எத்தனை உயரம் இருக்கலாம், மொத்த விற்பனைச் சந்தையை எப்படித் திறப்பது, ஷுஹதா தெருவில் வண்டி எப்போது ஓடலாம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பத்தி. சொந்த ஊரின் சொந்தத் தெருவில் நடப்பதற்கு எண்ணி எண்ணி எழுதி வாங்க வேண்டியிருந்தது. ஊரில் எண்பது சதவீதம் பாலஸ்தீனர் கைக்கு வந்தது. அது சின்ன விஷயமில்லை, லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் வாசலிலிருந்து படை அகன்றது. அந்தத் தெருவும் ஓரளவு திறந்தது. 2000-இல் பாலஸ்தீனரின் இரண்டாம் எழுச்சி (இன்டிஃபாதா) வெடித்த பிறகு மறுபடி மூடப்பட்டது. கடைக் கதவுகளைப் பற்றவைத்து அடைத்தார்கள். பத்தி பத்தியாக வாதாடி வாங்கிய தெரு, ஓர் இராணுவ உத்தரவில் போனது.

"காகிதத்துல எழுதி வாங்கினதுதானே? எப்படி மீற முடியும்?"

இங்கேதான் எரேகாத் கற்றுக் கொடுத்த பாடமே அவரைத் துரத்தியது. பேச்சுவார்த்தைக் கலையில் ஹார்வர்டின் ரோஜர் ஃபிஷர் பெரிய பெயர். அவர் வகுத்த கூறுகளை இமாம் அலியின் வாழ்வோடு ஒப்பிட்டு எரேகாத் அரபியில் நூலே எழுதியிருக்கிறார். அந்தக் கூறுகளில் ஒன்று: பேச்சு முறிந்தால் உன் கையில் வேறு வழி என்ன இருக்கிறது? எவனுக்கு நல்ல மாற்று வழி இருக்கிறதோ அவன் பலசாலி. பல்கலைக்கழகப் பாஷை வேண்டாம், நம் ஊர்ப் பாகப்பிரிவினையை எடுத்துக்கொள். அண்ணன் வீட்டுக்குள் குடியிருக்கிறான், சாவி அவனிடம். தம்பி வெளியே வாடகைக்கு இருக்கிறான். பஞ்சாயத்து இழுக்க இழுக்க அண்ணனுக்கு என்ன நஷ்டம்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடுவில் ஓர் அறை கட்டிக்கொள்வான். ஓஸ்லோ கையெழுத்தானபோது, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், மேற்குக் கரைக் குடியேறிகள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். எரேகாத் இறந்த 2020-இல் 4 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். வெறுங்கை முழம் போடுமா என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அவர் கையில் இருந்தது சட்டமும் ஞாபகசக்தியும் நாக்கும்தான். அதை வைத்துக்கொண்டு முழம் போட்டுக்கொண்டே இருந்தார்.

2000 ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் மாநாடு. பதினைந்து நாள் அடைந்து கிடந்தும் ஜெருசலேமில் முட்டி நின்றது. இஸ்ரேல் சொன்ன யோசனைகள் எழுத்தில் தரப்படவில்லை. அதனால் யார் என்ன கொடுக்க முன்வந்தார், யார் மறுத்தார் என்று இன்றுவரை சண்டை. செப்டம்பர் 28-ஆம் தேதி இஸ்ரேல் எதிர்க்கட்சித் தலைவர் ஷரோன் அல்-அக்ஸா வளாகத்துக்குள் படை சூழ நடந்தார். எழுச்சி வெடித்தது.

அந்த ஆண்டுகளில் எரேகாத் தொலைக்காட்சி முகம் ஆனார். கடகடவென்ற அமெரிக்க ஆங்கிலம், கோபம் வந்தால் மேலேறும் குரல். அதில் ஒரு சறுக்கலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2002 ஏப்ரலில் ஜெனின் அகதி முகாமில் இஸ்ரேல் படை புகுந்தபோது நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டதாகச் சொன்னார். பிறகு ஐ.நா. அறிக்கை எண்ணிய பாலஸ்தீனர் 52 பேர். ஐம்பத்திரண்டு உயிர் என்பதே கொடுமைதான், கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பத்திகளை எண்ணிப் பேசப் பழகிய மனிதர் அன்று எண்ணாமல் பேசிவிட்டார். எதிராளிகள் அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

2007 நவம்பரில் அமெரிக்காவின் அனாபொலிஸில் இன்னொரு மாநாடு. அதன்பிறகு ஒரு வருடம் இஸ்ரேல் பிரதமர் ஓல்மெர்ட்டின் அரசோடு நடந்த பேச்சுதான் இதுவரை நடந்தவற்றில் ஆழமானது. நிலப் பரிமாற்றத்தைப் பார்: ஓல்மெர்ட் கேட்டது மேற்குக் கரையில் சுமார் 6.3 சதவீதம், பதிலுக்குத் தருவதாகச் சொன்னது 5.8. பாலஸ்தீனர் ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தது 1.9. 2008 செப்டம்பர் 16-ஆம் தேதி ஓல்மெர்ட் ஒரு வரைபடத்தைக் காட்டினார், ஆனால் கையில் கொடுக்கவில்லை. பாலஸ்தீன அதிபர் அப்பாஸ் பார்த்ததை நினைவிலிருந்து கையால் வரைந்துகொண்டு திரும்பினார். ஒரு நாட்டின் எல்லை, ஞாபகத்தில் வரைந்த கோடாக.

அந்தப் பேச்சின் குறிப்புகள் எல்லாம் எரேகாத்தின் அலுவலகத்தில் இருந்தன. இளம் பாலஸ்தீன வழக்கறிஞர்களை வைத்து, ஐரோப்பிய நாடுகளின் உதவிப் பணத்தில் நடந்த ஓர் ஆலோசனைப் பிரிவு, ஒவ்வொரு கூட்டத்தையும் எழுதி வைத்தது. 2011 ஜனவரியில் அந்தக் காகிதங்கள் சுமார் 1,700 அல் ஜசீராவில் வெளிவந்தன. கிழக்கு ஜெருசலேமில் இருந்த யூதக் குடியேற்றங்களில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இஸ்ரேலுக்கே விட்டுவிடச் சம்மதித்தது அதில் இருந்தது. சொந்த ஊரை இழந்த பாலஸ்தீன அகதிகளில் மிகச் சிறிய எண்ணிக்கையினர் மட்டும் திரும்பினால் போதும் என்கிற அளவுக்குப் பேசியதும் இருந்தது. இவ்வளவு இறங்கி வந்தும் எதிர்த்தரப்பு போதாது என்றது, அதுவும் அதே காகிதத்தில் இருந்தது.

தெருவில் அவர் உருவப்படத்தை எரித்தார்கள். முதலில் இதெல்லாம் திரிபு என்று மறுத்தார். பிறகு, கசிந்தது என் அலுவலகத்திலிருந்துதான், பொறுப்பு என்னுடையது என்று பிப்ரவரி 12-ஆம் தேதி ராஜினாமா செய்தார்.

அந்தக் காகிதங்களில் எனக்குத் தெரிவது விலைபோன ஆள் இல்லை. மாற்று வழி இல்லாதவன் மேஜையில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பதுதான் தெரிகிறது. ஆனாலும் அகதி முகாமில் மூன்று தலைமுறையாக வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கு, தன் உரிமையை யாரோ மூடிய அறையில் எண்ணிக்கையாக்கிப் பேசினார்கள் என்று தொலைக்காட்சி பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? இதில் என்னால் எரேகாத் பக்கம் நிற்க முடியவில்லை. நாடாளுமன்றத் தேர்தல் 2006-க்குப் பிறகு நடக்கவே இல்லை. மக்களிடம் திரும்பிப் போய்க் கேட்காமலே அவர்கள் பெயரில் பேசிய பேச்சு அது.

"ராஜினாமா பண்ணிட்டாருல்ல, அதோட முடிஞ்சுதா?"

முடியவில்லை. 2003-லும் ராஜினாமா செய்திருக்கிறார், திரும்பி வந்தார். 2011-க்குப் பிறகும் வந்தார். 2013 ஜூலையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி கூட்டிய ஒன்பது மாதப் பேச்சில் மறுபடி அவர்தான், எதிரே மறுபடி, முன்பு ஓல்மெர்ட் அரசின் சார்பில் பேசிய ட்சிப்பி லிவ்னி. அந்த நவம்பரில், பேச்சு நடக்கும்போதே குடியேற்ற அறிவிப்புகள் வந்ததால் மீண்டும் ராஜினாமா, மீண்டும் திரும்பல். வாழ்க்கையே பேச்சுவார்த்தை என்ற பொருளில் அரபியில் அவர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அந்தத் தலைப்பைச் சொல்லியே சொந்த மக்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் இருந்துகொண்டே இருந்ததால்தான், ஏதோ நடக்கிறது என்று உலகம் சமாதானப்பட்டுக்கொண்டது என்பது அவர்மீது வைக்கப்படும் கனமான குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. எழுந்து போயிருந்தால் ஆப்பத்தின் துளைகள் பெரிதாகியிருக்குமா என்றால், அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பேச்சு நின்ற காலத்தில் காகிதத்தை வேறு வாசலுக்கு எடுத்துப் போனார்கள். 2012 நவம்பர் 29-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் 138 நாடுகள் வாக்களித்துப் பாலஸ்தீனம் உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடு ஆனது. அதன் வழியாகவே 2015-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சேர்ந்தது. வெறுங்கைக்குக் கொஞ்சம் கிடைத்த பிடி அது. அந்தப் பாதைக்கு உழைத்தவர்களில் எரேகாத் முக்கியமானவர்.

நுரையீரல் இறுகும் நோய் அவருக்கு. 2017 அக்டோபரில் அமெரிக்காவில் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. உடம்பு தேறிக்கொண்டிருந்த டிசம்பரில் ஜெருசலேமை இஸ்ரேலின் தலைநகர் என்று டிரம்ப் அறிவித்தார். அடுத்த ஆண்டு வாஷிங்டனில் இருந்த பாலஸ்தீன அலுவலகம் மூடப்பட்டது. 2020-இல் ஹார்வர்டின் கென்னடி பள்ளி அவரை மாணவர்களுக்கு வழிகாட்ட அழைத்தது, மறுபடி வாத்தியார் வேலைக்கே திரும்புகிறார் என்று தோன்றியது. அக்டோபரில் கொரோனா வந்தது. மாற்று நுரையீரல் தாங்கவில்லை. எரிகோவிலிருந்து ஜெருசலேமில் உள்ள ஹடாஸா என்னும் இஸ்ரேலிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இங்கே ஏன் சேர்த்தீர்கள் என்று இஸ்ரேலில் சிலர் கேட்டார்கள், அங்கே ஏன் போனார் என்று பாலஸ்தீனத்தில் சிலர் கேட்டார்கள். நவம்பர் 10-ஆம் தேதி, அறுபத்தைந்து வயதில் அங்கேயே இறந்தார்.

மறுநாள் ரமல்லாவில் அரசு மரியாதை. பிறகு எரிகோவில் அடக்கம். 1994-இல் காசாவோடு சேர்த்து முதன்முதலாகப் பாலஸ்தீனர் கைக்கு வந்த ஊர் அது. பன்னிரண்டு வயதில் படை நுழைவதைப் பார்த்த பையனுக்கு, படை விலகிய மண்ணில் இடம் கிடைத்தது.

டம்ளர் இரண்டும் காலி. அவள் பென்சில் கேள்விக்குறியை அழித்துவிட்டு, வேறென்ன எழுதுவது என்று என்னைப் பார்த்தாள். அவர் இறந்த அன்று லிவ்னி வெளியிட்ட இரங்கலைச் சொன்னேன். மேஜையின் எதிர்ப்பக்கம் இருந்தவர். நோயில் கிடந்த எரேகாத் தனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை அதில் அவர் பகிர்ந்திருந்தார்: எதைச் செய்யப் பிறந்தேனோ, அதை நான் இன்னும் முடிக்கவில்லை.

"எதிராளிக்கா இதை அனுப்பினாரு?" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.